இருமல் நிற்கும் நேரம்

தியேட்டர் ஆபரேட்டருக்குப் பார்வையாளரின் முகம் தெரியாது. கேபின் கண்ணாடி வழியாக எங்களுக்குத் தெரிவது திரையும், அதற்கு இப்பால் வரிசை வரிசையாகப் பின்னந்தலைகளும்தான். படம் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைத் தலைகள் அசைவதை வைத்தும், கேபின் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தால் காதில் விழும் சத்தத்தை வைத்தும் நாங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சண்டைப் படமும் சிரிப்புப் படமும் இதில் சுலபம். விசில் வரும், கைதட்டல் வரும். வராவிட்டால் படம் படுத்துவிட்டது. கருப்பு வெள்ளையில் நிதானமாக நகர்ந்து மனசுக்குள் பயத்தை ஏற்றும் படம்தான் ஆபரேட்டருக்குச் சோதனை. அதில் கூட்டம் கத்தாது. சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பது சலிப்பாலா பயத்தாலா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் தொழில் தெரியும்.

நான் அதை இருமலை வைத்துக் கற்றுக்கொண்டேன். நிறைந்த ஹாலில் எந்நேரமும் யாராவது ஒருவர் இருமிக்கொண்டிருப்பார். ஒருவர் ஆரம்பித்தால் இன்னொருவர் தொடர்வார். சலிப்பு ஏற ஏற இருமல் கூடும். கூடவே நாற்காலி முனகும், கடலைப் பொட்டலம் சரசரக்கும், கழிப்பறைக் கதவின் ஸ்பிரிங் அடிக்கடி சத்தம் போடும். பயம் பிடிக்கும்போது இவை ஒவ்வொன்றாக அடங்கும். கடைசியாக அடங்குவது இருமல். அது நின்றுவிட்டால், இனிக் கொஞ்ச நேரத்துக்கு அந்த ஹால் படத்தின் கையில்.

நான் தொழிலுக்கு வந்தது 1980களின் தொடக்கத்தில், மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பழைய தியேட்டரில். ரீல் சுற்றுவதுதான் முதல் வேலை. எங்கள் பக்கம் தமிழ்ப் படமும் மலையாளப் படமும் மாறி மாறி ஓடும். புதுப் படம் கிடைக்காத வாரங்களில் விநியோகஸ்தரிடம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் பழைய கருப்பு வெள்ளைப் படங்களைப் போடுவார்கள். அப்போது எல்லாமே கார்பன் விளக்கு. இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிக்கு நடுவே மின்சாரம் தாவி எரியும் வெளிச்சம். குச்சி எரிய எரிய இடைவெளி அகலும். அகன்றால் வெளிச்சம் தடுமாறும். கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே திருகி நெருக்க வேண்டும். கலர்ப் படத்தில் பாட்டு நடக்கும்போது வெளிச்சம் கொஞ்சம் தளர்ந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கருப்பு வெள்ளையில் இரவுக் காட்சி என்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சுவரின் சாம்பல் நிறம் துடிக்கும்; நிழலுக்குள் பாதி தெரிந்த முகம் முழுசாகக் காணாமல் போகும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த ஆசான், "கார்பன விட்டுக் கண்ண எடுக்காத மக்கா, பேய் அதுக்குள்ளதான் இருக்கு" என்பார்.

அவர் சொல்லித்தான் இன்னொரு கணக்கும் தெரிந்தது. ஃபிலிம் புரொஜெக்டரில் விநாடிக்கு 24 படங்கள். ஒரு படம் இறங்கி அடுத்தது வந்து நிற்கும்வரை ஷட்டர் வெளிச்சத்தை மறைக்கும். நின்ற படத்தையும், கண் துடிப்பை உணராமல் இருப்பதற்காக, நடுவில் ஒருமுறை மறைக்கும். கூட்டிப் பார்த்தால் இரண்டு மணி நேரப் படத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் திரையில் ஒன்றுமே கிடையாது. டிக்கெட் வாங்கியவர் பாதி நேரம் இருட்டைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். பயப் படத்துக்கு இது வசதி.

மெதுவான படத்துக்கு எமன், ரீலின் முனை. ஆயிரம் அடி ரீல் என்றால் சுமார் பதினோரு நிமிடம். ஒரு மெஷினில் ஓடும் சுருள் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும்; அடுத்த மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும். சுமார் ஏழு விநாடியில் இரண்டாவது புள்ளி. அப்போது மாற்ற வேண்டும். ஊர் ஊராகச் சுற்றிய பிரிண்டில் அதிகம் கிழிந்து ஒட்டப்பட்டிருப்பது இந்த முனைகள்தான். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில ஃபிரேம்கள் காணாமல் போயிருக்கும். சண்டைக் காட்சியில் போனால் போகட்டும். ஒரு பெண் வராந்தாவின் கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை, அந்த ஒன்றும் நடக்காத நேரத்தில்தான் பயம் ஊற வேண்டும். அங்கே மூன்று விநாடி போய்விட்டால் காட்சி சுருங்கும், ஆனால் விறுவிறுப்பு கூடாது, சலிப்புதான் கூடும். பிரிண்ட் நன்றாக இருந்த படத்தில் நின்ற இருமல், ஒட்டுப் போட்ட பிரிண்டில் அதே இடத்தில் நிற்காததைக் கேட்டிருக்கிறேன். இழுவை என்று ஜனங்கள் சொல்வது எப்போதுமே நீளத்தைப் பற்றியது அல்ல. காத்திருக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்புக்குப் பலன் தராமல் போவதைப் பற்றியது.

தமிழ்ப் படத்தில் இந்தக் காத்திருப்பைச் சோதித்துப் பார்த்தவர் எஸ். பாலசந்தர். 1954இல் ஏவிஎம் தயாரித்த 'அந்த நாள்' பயப் படம் அல்ல, கொலையைத் துப்புத்துலக்கும் படம். ஆனால் அதில் பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டையும் கிடையாது. முதல் வெளியீட்டில் அது வசூலில் சோபிக்கவில்லை. பின்னால் அதை ஓட்டும்போது எனக்குக் காரணம் புரிந்தது. நம் ஊரில் பாட்டு வந்தால் ஒரு பகுதி ஆட்கள் எழுந்து வெளியே போவார்கள். பீடி, டீ, பேச்சு. படத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று மூச்சு விட்டுக்கொள்ளும் நேரம் அது. பாட்டு இல்லையென்றால் எப்போது எழுந்திருப்பது என்றே தெரியாது. அந்தத் தவிப்பைத்தான் பலர் 'படம் ஒரு மாதிரி இருக்கு' என்று சொன்னார்கள்.

1966இல் வந்த 'யார் நீ?' இதற்கு நேர் எதிர். இந்தியில் வந்த 'வோ கௌன் தீ?' படத்தின் தமிழ் வடிவம். ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தது. அதில் பாட்டையே பயத்துக்கு வைத்தார்கள். பி. சுசீலாவின் குரல் எங்கிருந்தோ வரும். பாடுகிறவள் மனுஷியா என்று தெரியாது. நான் ஓட்டிய காட்சிகளில் அந்தப் பாட்டுக்கு யாரும் வெளியே போகவில்லை. எழுந்தவர்கள்கூட வாசல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

எல்லைக்கு அப்பாலும் அதே காலத்தில் ஒருவர் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், 1964இல் வைக்கம் முகம்மது பஷீரின் திரைக்கதையில் 'பார்கவி நிலையம்' படத்தை இயக்கினார். அதுதான் அவர் இயக்கிய முதல் படம். மலையாளத்தின் முதல் பேய்ப் படம் என்று அதைத்தான் சொல்வார்கள். எழுத்தாளன் ஒருவன் தனி வீட்டுக்குக் குடி வருகிறான். அங்கே இறந்துபோன, கண்ணுக்குத் தெரியாத பெண்ணிடம் பேசிக்கொண்டிருக்கிறான். முதல் பகுதியில் நெடுநேரம் எழுத்தாளனாக நடித்த மது ஒருவர்தான் திரையில். பதில் பேச ஆள் இல்லாத பேச்சைக் கேட்டுக்கொண்டு கூட்டம் உட்கார்ந்திருந்ததை ஆசான் நேரில் கண்டவர். செகண்ட் ஷோ விட்டதும் ஒரே திசைக்குப் போகிறவர்கள் ஒருவருக்காக ஒருவர் வாசலில் நின்று, சேர்ந்து நடந்து போனார்கள் என்பார். உள்ளே யாரும் அலறவில்லையாம்.

இதே அனுபவம் பிறகு எனக்கும் கிடைத்தது, ஃபிலிம் சொசைட்டியில். எங்கள் ஊர்ப் பக்கம் சில ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை படம் போடுவார்கள். மெஷின் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுக் கருப்பு வெள்ளைப் பயப் படங்களை அங்கேதான் பார்த்தேன். நம் ஆட்கள் அவற்றைப் பார்ப்பதையும் அங்கேதான் பார்த்தேன்.

1942இல் வந்த 'கேட் பீப்பிள்' 73 நிமிடப் படம். ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக வால் லூட்டன் குறைந்த செலவில் தயாரித்தது. இயக்கியவர் ழாக் டூர்னர். இரவில் பூங்காச் சுவரை ஒட்டி ஒரு பெண் நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் சத்தம். கொஞ்சத்தில் பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் வேகத்தைக் கூட்டுகிறாள். விளக்குக் கம்பம், இருட்டு, விளக்குக் கம்பம், இருட்டு. திடீரென்று சீறல், ஒரு பஸ் வந்து நிற்கிறது. அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை அங்கே பொருத்தியவர் எடிட்டர் மார்க் ராப்சன். இன்றும் இந்த மாதிரிப் பொய் அதிர்ச்சிக்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர். எங்கள் ஹாலில் குதிகால் சத்தம் நின்ற இடத்திலேயே இருமலும் நின்றது. பஸ் வந்ததும் மொத்தக் கூட்டமும் நாற்காலியில் குதித்தது. அடுத்த நொடி சிரிப்பு. படித்த மனிதர்கள்; ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயப் படத்தில் ஹால் சிரித்தால் படம் தோற்றுவிட்டது என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். பின்வரிசையில் ஒரு பையன் பேய் மாதிரிக் குரல் கொடுப்பான், நாலு பேர் சிரிப்பார்கள். கேபினிலிருந்து பார்த்தால் அந்தப் பையன் எப்போது குரல் கொடுக்கிறான் என்பது தெரியும். சலிப்பான இடத்தில் அவன் கொடுப்பதில்லை. சலித்தால் அவன் வெளியே போய்விடுவான். தாங்க முடியாத இடத்தில்தான் கொடுக்கிறான். தனக்காக மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர்களுக்காகவும் சேர்த்து அந்த இறுக்கத்தை உடைக்கிறான். சிரித்து முடித்ததும் கூட்டம் முன்னைவிட ஆழமாக அமைதியாவதைக் கவனித்தால் இது விளங்கும். சிரித்தவனைத் திட்டி வெளியே அனுப்பச் சொல்லி யாராவது வந்தால், அடுத்த பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள் என்பேன்.

'தி இன்னொசன்ட்ஸ்' வேறு விதமான பாடம். 1961, ஜாக் கிளேட்டன் இயக்கியது, ஹென்றி ஜேம்ஸின் குறுநாவலை ஒட்டிய கதை. அந்தப் படம் தொடங்கும்போது திரையில் ஒன்றுமே இருக்காது. நிறுவனத்தின் சின்னம்கூட வருவதற்கு முன்னால், முழு இருட்டில் ஒரு சிறுமியின் குரல் தனியாகப் பாடிக்கொண்டிருக்கும். ஆபரேட்டர் வர்க்கத்துக்கே வயிற்றைக் கலக்கும் தொடக்கம். எங்கள் ஹாலில் எதிர்பார்த்தபடியே, "ஆபரேட்டரண்ணே, லைட்டு வரல!" என்று குரல் எழுந்தது. பாட்டு நிற்காமல் போகவே குரல் அடங்கியது. அடுத்த தடவை அதே படத்தைப் போட்டபோது சொசைட்டிச் செயலாளர் முன்கூட்டியே அறிவித்தார்: தொடக்கத்தில் இருட்டாக இருக்கும், பதற வேண்டாம். யாரும் பதறவில்லை, படத்துக்குள் அவ்வளவு சீக்கிரம் போகவும் இல்லை. பிறகு நான் கண்ட வழி, ஒன்றும் சொல்லாமல் ஹால் விளக்குகளை வழக்கத்தைவிட மெதுவாக இறக்கி, முழு இருட்டான பிறகே படத்தைத் தொடங்குவது. எங்கே விளக்கு முடிந்தது, எங்கே படம் தொடங்கியது என்று தெரியாமல் போக வேண்டும்.

அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஃப்ரெட்டி ஃப்ரான்சிஸ். படத்தை சினிமாஸ்கோப்பில் எடுக்க வேண்டிய கட்டாயம். இவ்வளவு அகலமான சட்டத்தில் ஒரு தனிப் பெண்ணின் பயத்தை எப்படி நெருக்கிக் காட்டுவது? ஓரங்களைக் கருமையாக்கும் ஃபில்டர்களைச் செய்து, வெளிச்சத்தை நடுவிலே நிறுத்தினார். திரையின் இரு ஓரமும் இருட்டுக்குள் கரைந்துபோகும். இதை நம் ஹாலில் கொண்டுவர வேண்டுமென்றால் திரையைச் சுற்றியுள்ள கருப்புத் துணி சரியாக இழுக்கப்பட்டிருக்க வேண்டும். துணி தொய்ந்து வெள்ளைத் திரை ஓரத்தில் ஒரு சாண் தெரிந்தால் போதும், அவர் செய்த வேலை வீண். படம் போடுவதற்கு முன் நான் ஏணி போட்டு ஏறித் துணியை இழுத்துக் கட்டியதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள்.

அதில் ஒரு காட்சியில் பட்டப்பகல், ஏரி, அக்கரையில் நாணல்களுக்கு நடுவே கருப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். அசையவில்லை, கிட்டே வரவும் இல்லை. நான் கதவைத் திறந்து வைத்துக் கேட்டேன்: ஒரு மூச்சுச் சத்தம்கூட மாறவில்லை. இந்தக் காட்சி நம் ஆட்களிடம் எடுபடவில்லை என்றே நினைத்தேன். படம் முடிந்து டீ குடிக்கும்போது எல்லோரும் பேசியது அதைப் பற்றித்தான். பேய் உண்மையா, அதைப் பார்க்கிற ஆசிரியையின் மனப்பிராந்தியா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதம். மறுவாரம் ஒரு அம்மா, வங்கியில் வேலை பார்த்தவர், வந்து சொன்னார்: "ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சேன். அடுக்களைக்குப் போகாம திரும்பி வந்து படுத்துட்டேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல." இந்த வகைப் படத்துக்கு எதிர்வினை ஹாலுக்குள் வராது, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வரும். இடைவேளையில் 'எப்படி இருக்கு?' என்று கேட்டு வசூலைக் கணிக்கும் முதலாளிகளுக்கு இது பிடிபடுவதே இல்லை.

ராபர்ட் வைஸ் இயக்கிய 'தி ஹான்டிங்' 1963இல் வந்தது. கடைசிவரை அதில் பேயைக் காட்டவே மாட்டார்கள். சுவருக்கு அப்பாலிருந்து அடிக்கும் சத்தம், உள்பக்கமாகப் புடைக்கும் கதவு, இரண்டு பெண்களின் முகம். முழுப் பாரமும் சத்தத்தின் மேல். இங்கே தியேட்டர்க்காரர் செய்யும் தவறு பெரியது. டால்பி கருவியில் ஒலியளவுக்கு 7 என்ற எண்தான் அளவுகோல்; இப்போதைய படங்களை ஒலிக்கலவை செய்கிறவர்கள் அந்த அளவில் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஆனால் படத்துக்கு முன்னால் வரும் விளம்பரங்கள் காதைக் கிழிக்கும். ஜனங்கள் கத்துவார்கள். ஆபரேட்டர் 5க்கோ 4.5க்கோ இறக்குவார். படம் தொடங்கிய பிறகு அதை ஏற்ற மறந்துவிடுவார்கள், அல்லது வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். கத்திப் பேசும் படத்துக்கு இதனால் நஷ்டமில்லை. முணுமுணுப்பும் மூச்சும் மரத்தரை முனகலுமாக இருக்கிற படத்தில் பாதி இல்லாமல் போகும். 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று பார்த்தவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. நடந்தது அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

பிறகு டிஜிட்டல் வந்தது. ரீலும் இல்லை, ஒட்டும் இல்லை, புள்ளி பார்த்து மாற்றும் வேலையும் இல்லை. படம் ஹார்ட் டிஸ்கில் வரும்; திறப்பதற்குச் சாவி தனியாக மெயிலில் வரும். ஆபரேட்டருக்கு இனி என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. 2024 பிப்ரவரி 15 அன்று 'பிரமயுகம்' வந்தபோது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

ராகுல் சதாசிவன் இயக்கிய மலையாளப் படம். தயாரிப்பில் சென்னையின் ஒய்நாட் ஸ்டுடியோவுக்கும் பங்கு. வசனம் நாவலாசிரியர் டி.டி. ராமகிருஷ்ணன், ஒளிப்பதிவு ஷெஹ்நாத் ஜலால். முழுப் படமும் கருப்பு வெள்ளை. கதை நடப்பது பதினேழாம் நூற்றாண்டு மலபாரில். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வரும் தேவன் என்ற பாணன், காட்டுக்கு நடுவே இடிந்துகிடக்கும் ஒரு மனையில் ஒதுங்குகிறான். அங்கே வீட்டுக்காரர் கொடுமண் போற்றியும் ஒரு சமையல்காரனும் மட்டும். வெளியே மழை. போற்றி அவனைப் பகடை ஆடக் கூப்பிடுகிறார். பணயம், அவனுடைய வாழ்நாளின் நேரம். 139 நிமிடமும் ஏறக்குறைய இந்த மூன்று ஆண்களை நம்பித்தான் ஓடுகிறது.

முதல் நாளுக்கு முந்தைய இரவில் மெஷினை ஓட்டிப் பார்த்தேன். அப்போது வேலை பார்த்த வளாகத்தின் ஒரு ஸ்கிரீனில் சாம்பல் நிறம் லேசாகப் பச்சை அடித்தது. கலர்ப் படங்கள் மாதக்கணக்கில் அதே மெஷினில் ஓடியபோது ஒருவரும் அதைச் சொன்னதில்லை. புல் கொஞ்சம் கூடுதல் பச்சையாக இருந்தால் யாருக்கு என்ன? கருப்பு வெள்ளையில் ஒளிந்துகொள்ள இடமில்லை. வெள்ளையைத் திருத்தி, விளக்கு எரிந்த மணிக்கணக்கைப் பார்த்தேன். டிஜிட்டல் சினிமாவுக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட் லாம்பர்ட் வெளிச்சம் வேண்டும் என்பது தரம். பழைய விளக்கை இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று மிச்சம் பிடிக்கும் இடங்களில் இது பாதியாக இறங்கிக் கிடக்கும். இன்னொரு ஸ்கிரீனில் த்ரீடிக்காகப் போட்ட வெள்ளித் திரை. அதில் நடுவில் மட்டும் பளிச்சென்று அடிக்கும், ஓர நாற்காலிகளுக்கு மங்கும். அந்த ஸ்கிரீனில் இந்தப் படத்தைப் போட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மேனேஜர் புண்ணியவான், கேட்டார்.

காலைக் காட்சிக்கு மம்மூட்டி ரசிகர்கள் வந்தார்கள். பெயர் வந்தபோது விசில், போற்றியாக முதலில் தோன்றியபோது விசில். அதன்பிறகு விசிலுக்கு வேலை வரும் என்று காத்திருந்தார்கள். நாயகன் எழுந்து நியாயம் கேட்கும் இடத்தில்தானே விசில் அடித்துப் பழக்கம்? இங்கே அவர்களுடைய நாயகனே அந்த வீட்டின் கொடுங்கோலன். சிரிக்கிறார், அந்தச் சிரிப்புக்கு எப்படிக் கைதட்டுவது? பகடைக் காட்சி வந்தபோது நான் கதவைத் திறந்து நின்றேன். இருமல் இல்லை. 2024ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருது இந்த வேடத்துக்காகத்தான் மம்மூட்டிக்குக் கிடைத்தது. அந்தக் காலைக் காட்சியில் விசில் அடிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்த பையன்கள் அந்த விருதை முன்பே கொடுத்துவிட்டார்கள்.

புகார்களும் வந்தன. டிக்கெட் கவுண்டரில், "முழுசும் கலர் இல்லாமலா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. இடைவேளையில் ஒரு பெரியவர் கேபின் வாசலுக்கே வந்து, "அண்ணாச்சி, கதை நல்லாதான் இருக்கு, ஆனா என்னத்துக்கு இப்பிடி இழுக்கு?" என்றார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல், படம் மறுபடி தொடங்குவதற்குள் இருக்கைக்கு ஓடினார். வாயால் சொல்வது ஒன்று, காலால் சொல்வது ஒன்று. நான் எப்போதும் காலைத்தான் நம்புவேன்.

எங்கள் மாவட்டத்துப் பெண்கள் அந்தப் படத்தைப் பார்த்த விதம் தனி. முப்பந்தல் இசக்கியம்மனுக்குப் பொங்கலிடும் ஊர்க்காரர்கள். கள்ளியங்காட்டு நீலி கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். படத்தில் காட்டுக்குள் ஒரு யட்சி வருகிறாள்; அது அவர்களுக்குப் புதுசு இல்லை. இளவட்டங்கள் யட்சியைக் கண்டு நாற்காலியில் நெளிந்தார்கள். இந்தப் பெண்கள் நெளியவில்லை. பேரனோடு வந்த ஒரு பாட்டியிடம் வெளியே வரும்போது, பயந்தீங்களாம்மா என்று கேட்டேன். "யட்சிக்கு என்னத்துக்குப் பயப்படணும் மக்கா? அந்தப் போற்றி கூப்பிட்டு வச்சுச் சோறு போடுகானே, அதுதான் பயம்" என்றார். படத்தைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் சாதியும் அதிகாரமும் விரிவாக அலசப்பட்டிருந்தன. பாட்டி அதே இடத்துக்குச் சோற்றின் வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இரவுக் காட்சியும் பகல் காட்சியும் ஒரே படம் அல்ல. மேட்னியில் வெளிக்கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு வெயில் துண்டு உள்ளே வந்து விழும். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு செல்ஃபோன் திரை அந்தப் பழக்கத்தை நொடியில் கெடுத்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்கிற கண்ணின் பகுதிக்கு நிறம் தெரியாது. நடுராத்திரியில் விளக்குப் போடாமல் எழுந்து நடக்கிறவர் தன் சொந்த வீட்டையே கருப்பு வெள்ளையில்தான் பார்க்கிறார். இந்தப் படங்கள் தொடுவது அந்தப் பார்வையைத்தான் என்று எனக்குத் தோன்றும். அதனால் தாமதமாக வருகிறவர்களை உடனே உள்ளே விட வேண்டாம், திரையில் வெளிச்சமான காட்சி வரும்வரை வாசல் சீலைக்கு வெளியே நிறுத்து என்று டிக்கெட் கிழிக்கும் பையன்களிடம் சொல்லிவைத்தேன். ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ'வுக்கு இதைவிடக் கடுமையாக நடந்துகொண்டார்: படம் தொடங்கிவிட்டால் யாருக்கும் அனுமதி இல்லை. நம் ஊரில் அப்படிச் செய்தால் கதவு இருக்காது. இரண்டு நிமிடம் நிறுத்தலாம், நிறுத்தினோம்.

மார்ச் மாதம் அதே படம் ஓடிடியில் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, தியேட்டருக்கு வராதவன், வீட்டில் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் பெருசா இல்லையேண்ணே" என்றான். எப்படிப் பார்த்தாய் என்று கேட்டேன். மத்தியானம், ஃபோனில், சாப்பாட்டுக்கு நடுவே நிறுத்தி, மீதியை மறுநாள். அவன் ரசனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. காத்திருப்பால் செய்த படத்தை நிறுத்தும் பொத்தானோடு பார்த்தால் காத்திருப்பே இல்லாமல் போகிறது. கதை மட்டும் மிஞ்சும். இந்த வகைப் படங்களில் கதை ரொம்பச் சின்னது.

மெதுவான படத்தை நம் ஜனம் பார்க்காது என்று விநியோகஸ்தர்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேபினிலிருந்து நான் பார்த்தது அதை ஒப்புக்கொள்ளவில்லை. இவர்கள் தெருக்கூத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் விடிய விடிய உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள். கோயில் கொடையில் நடுச்சாமம்வரை சாமி வரக் காத்திருப்பவர்கள். காத்திருக்க அவர்களுக்குத் தெரியும். அந்தக் காத்திருப்பை நடுவில் கலைக்காமல் இருக்க நமக்குத்தான் தெரிய வேண்டும்.

இப்போது கேபினுக்கு வேலைக்கு வரும் பையன்களுக்குக் கார்பனும் தெரியாது, ரீலும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இந்த மாதிரிப் படம் வரும் வாரத்தில் நான் அவர்களிடம் சொல்வது சில வேலைகள்தான். விளக்கின் மணிக்கணக்கைப் பார். சாம்பல் நிறத்தில் வேறு சாயம் ஒட்டுகிறதா பார். திரையோரத் துணியை இழுத்துக் கட்டு. விளம்பரம் முடிந்ததும் ஒலியளவை ஏற்று. ஏசி எந்திரம் ஹாலுக்குள் கேட்கிறதா என்று காலியாக இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேள். ஹால் விளக்கை மெதுவாக இறக்கு; முடிவில் பெயர்கள் ஓடி முடியும்வரை ஏற்றாதே. இவ்வளவையும் செய்த பிறகு ஒருவர் வந்து படம் இழுவை என்றால், அது படத்தைப் பற்றிய அபிப்பிராயம், பணிவாகக் கேட்டுக்கொள். செய்யாமல் விட்டுவிட்டு அதே வார்த்தையைக் கேட்டால், அது உன்னைப் பற்றிய புகார்.